சென்னைப் பதிவு, 60,000 ரூபாய் குறைவு: இந்த காரை வாங்கலாமா?

கேள்வி: மதுரையில் இருக்கிறேன். புரோக்கர் மூலமாக ஒரு செகண்ட் ஹேண்ட் கார் பார்த்திருக்கிறேன். 2018 மாடல் பெட்ரோல் வண்டி, டி.என். 14 பதிவு, சிங்கிள் ஓனர், 42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இதே மாடலுக்கு மற்ற இடங்களில் கேட்பதைவிட 60,000 ரூபாய் குறைவு. தெரிந்த மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு எஞ்சின் அருமையாக இருக்கிறது என்கிறார். வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: மெக்கானிக் சொன்னது சரியாகவே இருக்கும். ஆனாலும் பழைய காரில் எஞ்சினை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். எஞ்சினில் கோளாறு என்றால் செலவு செய்து சரிபண்ணிவிடலாம். தண்ணீரில் ஊறிய வயரிங்கையும், விபத்தில் வளைந்த சேசிஸையும் பழையபடி கொண்டுவர முடியாது. இன்ஷூரன்ஸ் சர்வேயராக அடிபட்ட வண்டிகளையே பார்த்துப் பழகியவன் நான். உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்தியவை இரண்டு: டி.என். 14, அந்த 60,000 ரூபாய் குறைவு.

டி.என். 14 என்றால் சென்னையின் தெற்குப் பக்கம் உள்ள சோழிங்கநல்லூர் ஆர்.டி.ஓ. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தெருவில் நின்ற எத்தனையோ கார்கள் மூழ்கின. வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தித் தப்பித்தவர்களும் உண்டு. ஆகவே அந்தப் பதிவெண்ணைப் பார்த்ததுமே வண்டியை ஒதுக்க வேண்டாம். சந்தேகத்தோடு பாருங்கள், அவ்வளவுதான்.

மூழ்கிய காரின் எஞ்சின் நன்றாக ஓடுமா? ஓடும். தண்ணீர் உள்ளே போன நிலையில் ஸ்டார்ட் செய்தால்தான் எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டு போய், ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றினால் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். சீட்டைக் கழற்றி ஷாம்பூ போட்டுவிட்டால் உள்ளேயும் பளபளக்கும். பிழைக்காதது வயரிங். கனெக்டருக்குள் போன சேற்றுத் தண்ணீர் செம்பைப் பச்சை பூக்க வைக்கும். அது மாதக்கணக்கில் மெதுவாக அரிக்கும். ஒருநாள் பவர் விண்டோ நிற்கும், இன்னொரு நாள் பிரேக் கோளாறைக் காட்டும் ஏபிஎஸ் விளக்கு எரியும். பல கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட் கியர் லீவருக்குப் பக்கத்தில், தரையோடு ஒட்டித்தான் இருக்கிறது. முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலே அது நனைந்துவிடும். உங்கள் குடும்பம் ஏறப்போகிற வண்டி என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். முதலில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். கழுவுகிறவர்கள் கண்ணில் படுகிற நீளத்தைத்தான் கழுவுவார்கள்; உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கறை கோடு போட்டதுபோல் நிற்கும். அடுத்து முன் சீட்டைப் பின்னால் தள்ளி, அதன் தண்டவாளத்திலும் போல்ட்டுகளிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியில் விரலை ஓட்டுங்கள், வண்டல் ஒட்டும். டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஸ்க்ரூக்கள், ஃபியூஸ் பாக்ஸ், மிதியடிக்குக் கீழே உள்ள கார்ப்பெட்டின் அடிப்பக்கம் எல்லாம் பாருங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் ஏசி போட்டு உட்கார்ந்தால் ஊறல் வாடை தெரியும். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் என் சந்தேகம் கூடும்.

சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் கோளாறை மறைக்க விளக்கையே துண்டித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

பாலிசியிலும் ஒரு சாட்சி இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, வருஷா வருஷம் 20, 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். 2018-இல் வாங்கி கிளைமே செய்யாத ஓனருக்கு 2023-இல் அது 50-ஐத் தொட்டிருக்கும். புயலுக்கு அடுத்து வந்த புதுப்பித்தலில் அது பூஜ்யம் என்றால், முந்தைய பாலிசிக் காலத்தில் கிளைம் நடந்திருக்கிறது. 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலும் போனஸ் போய்விடும். போனஸைக் காப்பாற்றும் கூடுதல் கவர் எடுத்திருந்தால், கிளைம் செய்தும் அது குறையாமல் நிற்கும். எனவே இதை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லாதீர்கள். என்ன கிளைம் என்று கேளுங்கள். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் காட்டினால் அதில் போனஸே இருக்காது, முந்தைய முழு பாலிசிகளைக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். பழுதுபார்க்கும் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று கணக்கை முடித்து, வண்டியை ஏலத்தில் விட்டுவிடுவார்கள். ஏலத்தில் எடுப்பவர் தன் பெயருக்கு மாற்றாமல், பழைய ஓனர் கையெழுத்துப் போட்ட பெயர்மாற்றப் படிவங்கள் 29, 30-ஐ அப்படியே வைத்துக்கொண்டு விற்பதும் நடக்கிறது. ஆர்.சி.யில் ஒரே பெயர் இருப்பதால் அதுவும் சிங்கிள் ஓனர் வண்டிதான்! அதனால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரிடம் நீங்களே பேச வேண்டும். புரோக்கர் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

விபத்து அடையாளம் தேட, பானெட்டைத் திறந்து ஃபெண்டர், கீல் போல்ட்டுகளைப் பாருங்கள். போல்ட்டின் தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. எஞ்சினுக்கு இருபுறமும் உள்ள ஏப்ரன் தகட்டில் கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டு வட்டப் புள்ளிகள் சீரான இடைவெளியில் இருக்கும்; அது கோணலாகவோ மழுங்கியோ இருந்தால் டிங்கர் கைபட்ட இடம். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவுகளில் நகர்த்துங்கள், நசுங்கலை மறைக்கப் பட்டி (புட்டி) தடிமனாகப் பூசிய இடத்தில் ஒட்டாது. பம்பரில் ரீபெயின்ட், கதவில் கீறல் இதெல்லாம் நகரத்து வண்டிக்குச் சகஜம், விட்டுவிடலாம்.

42,000 உண்மையா என்பதைச் சர்வீஸ் சென்டர் பதிவில் சரிபாருங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் மீட்டர் அளவு குறித்திருப்பார்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம் செய்தது. நாலு டயரும் 2020-லேயே மாற்றப்பட்டிருந்தால், அவ்வளவு சீக்கிரம் தேயும் அளவுக்கு வண்டி ஓடியிருக்கலாம்; கிலோமீட்டர் கணக்கு உதைக்கிறது.

எஞ்சினுக்கு வருவோம். முன்கூட்டி ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பானெட்டைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று கேட்டால் ஆக்ஸில் ஜாயின்ட் போயிருக்கிறது. இது பெரிய விஷயமில்லை, விலையில் கழித்துக்கொள்ளலாம்.

ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன், அதாவது வண்டிமேல் கடன் இருப்பதாகப் பதிவு, இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும். சேசிஸ் நம்பரை வண்டியிலேயே படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். அபராதப் பாக்கியை பரிவாகன் இ-சலான் தளத்தில் பார்க்கலாம். வாங்கினால் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸைப் பெயர்மாற்றிவிடுங்கள்.

இப்போதைக்கு புரோக்கரிடம் மூன்றே மூன்று கேளுங்கள்: 2023-க்குப் பிந்தைய பாலிசிகள், சர்வீஸ் பதிவு, ஓனரின் போன் நம்பர். மூன்றும் கிடைத்தால், அடுத்த முறை மெக்கானிக்கோடு ஒரு நல்ல டிங்கரையும் எலெக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரை டோக்கன் அட்வான்ஸ் என்று ஆயிரம் ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.