சாம்பல் பூக்காத மேக்கப்

போட்டது தெரியக் கூடாது, ஆனால் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் இதைச் சுற்றித்தான். கேட்டிருப்பவர்கள் மாநிறமும் அதைவிடக் கறுத்த நிறமும் கொண்ட பெண்கள். நானும் அந்தக் கட்சிதான் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபவுண்டேஷனைப் புறங்கையில் தடவிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். கடையில் சரியாகத் தெரிகிறது. வீட்டுக்கு வந்து முகத்தில் போட்டால் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது. என்ன செய்வது அக்கா?
– வேலைக்குப் போகும் வாசகி

முதலில் புறங்கையை விடுங்கள். கையும் முகமும் ஒரே நிறத்தில் இருக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. தாடை முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு இழுங்கள். பக்கத்திலேயே அடுத்த ஷேடில் இன்னொரு கோடு. கடை விளக்கை நம்பாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ அதுதான் உங்கள் ஷேடு. உடனே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். சில ஃபவுண்டேஷன்கள் சருமத்தின் எண்ணெயோடு சேர்ந்ததும் இன்னும் கொஞ்சம் கறுக்கும்.

சரி, சாம்பல் எங்கிருந்து வருகிறது? ஃபவுண்டேஷனின் நிறம் பெரும்பாலும் நான்கு பொடிகளின் கலவை. வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு இரும்பு ஆக்சைடுகள். கறுத்த சருமத்துக்கான ஷேடு என்றால் வெள்ளை குறைந்து, சிவப்பும் மஞ்சளும் தூக்கலாக இருக்க வேண்டும். அந்த மெனக்கெடல் இல்லாமல் வெளிர் ஷேடிலேயே கறுப்பைக் கூட்டி 'டீப்' என்று பெயர் ஒட்டினால், வெள்ளையும் கறுப்பும் சேர்ந்து சாம்பல்தான் வரும். குற்றம் பாட்டிலில் இருக்கிறது, நாம் நம் முகத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் அடர்த்தியோடு சேர்த்து அண்டர்டோனையும், அதாவது சருமத்துக்கு அடியில் தெரியும் சாயலையும், பார்க்க வேண்டும். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வார்களே, அது நமக்கு அவ்வளவாக உதவாது. நரம்பு தெரிந்தால்தானே நிறம் பார்க்க முடியும்? ஒரே அடர்த்தியில் மஞ்சள் சாயல், சிவப்புச் சாயல், இரண்டுக்கும் நடுவே ஒன்று என்று தாடையில் இழுத்துப் பாருங்கள். பொருந்தாதது தனியாக எட்டிப் பார்க்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு நெற்றி ஓரமும் வாயைச் சுற்றியும் கறுத்திருக்கும், கன்னத்தின் நடுப்பகுதி கொஞ்சம் வெளுத்திருக்கும். முகம் முழுக்க ஒரே ஷேடை அப்பினால் முகமூடிதான். நடுவில் மட்டும் போட்டு, ஓரத்துக்குப் போகப் போக ஒன்றுமில்லாமல் ஆகும்படி தேய்த்துவிடுங்கள். நெற்றி ஓரம் அது பாட்டுக்கு இருக்கட்டும். இயற்கையாகத் தெரிவதற்கு அந்த ஏற்ற இறக்கம் வேண்டும்.

கேள்வி: எனக்கு ஷேடே கிடைப்பதில்லை. வரிசையின் கடைசி நம்பர்கூட என்னைவிட வெளுப்பு.
– பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

கோபம் நியாயமானது, பழையதும்கூட. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களை மனதில் வைத்து 1973-ல் ஃபேஷன் ஃபேர் என்ற மேக்கப் பிராண்ட் வந்தது. 1994-ல் மாடல் இமான் தன் பெயரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கினார். 2017-ல் பாடகி ரிஹானாவின் ஃபென்ட்டி பியூட்டி முதல் நாளே 40 ஷேடுகளோடு கடைக்கு வந்து சக்கைப்போடு போட்ட பிறகுதான் பல கம்பெனிகள் தங்கள் வரிசையின் கறுத்த முனையை அவசர அவசரமாக நீட்டின.

அப்படியும் கிடைக்கவில்லையென்றால் ஃபவுண்டேஷனையே விட்டுவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெளுத்த ஷேடைப் போடுவதைவிடப் போடாமல் இருப்பதே அழகு. கையில் இருப்பதை வீணாக்க மனமில்லையென்றால், ஃபவுண்டேஷனில் கலக்கவென்றே விற்கும் பழுப்புத் துளிகளை வாங்கிக் கலந்து பாருங்கள். கறுப்பு மட்டும் கலக்காதீர்கள், மறுபடி சாம்பலில்தான் போய் நிற்கும்.

கேள்வி: 'நேச்சுரல் லுக்' என்றாலே வெளிர் பிங்க் பிளஷ் போடச் சொல்கிறார்கள். எனக்குப் போட்டால் தெரிவதே இல்லை. கொஞ்சம் கூட்டினால் முகத்தில் தனியாக நிற்கிறது. எனக்கு பிளஷ்ஷே ஒத்துவராதா?
– கல்லூரி மாணவி

ஒத்துவரும் தங்கச்சி, நிறத்தைத்தான் மாற்ற வேண்டும். வெளுத்த முகத்தில் ரத்தம் ஏறினால் பிங்க் தெரியும், அதனால் அவர்களுக்கு பிங்க் இயல்பு. வேகமாக நடந்துவிட்டு வந்து மூச்சு வாங்க ஒருமுறை கண்ணாடி பார். உன் கன்னத்தில் தெரிவது செம்பழுப்பாகவோ ஊதா கலந்த சிவப்பாகவோ இருக்கும். அதுதான் உனக்கு இயற்கை. வெளிர் பிங்க்கில் வெள்ளைப் பொடி நிறைய. கரும்பலகையில் சாக்பீஸ் இழுத்த மாதிரிதான் நம் கன்னத்தில் அது தெரியும்.

டப்பாவில் பார்க்கும்போது மிரட்டுகிற நிறங்கள்தான் நம் முகத்தில் அடக்கமாக உட்காரும்: ஒயின், செங்கல் சிவப்பு, ராணி பிங்க், பளீர் ஆரஞ்சுகூட. என் மேக்கப் பெட்டியில் ஒரு க்ரீம் பிளஷ் இருக்கிறது. டப்பாவில் கிட்டத்தட்டக் கறுப்பாகவே தெரியும் ஒயின் நிறம். மூடியைத் திறந்ததுமே எதிரே உட்கார்ந்திருப்பவர் 'அக்கா, இது வேண்டாமே' என்று பின்னால் சாய்ந்துவிடுவார். மோதிர விரல் நுனியில் அதைத் தொட்டு, புறங்கையில் நாலு தட்டுத் தட்டி முக்கால்வாசியை அங்கேயே விட்டுவிடுவேன். விரலில் கறை மாதிரி மிஞ்சியிருப்பது போதும். சிரிக்கச் சொல்லிக் கன்னம் மேலெழும் இடத்தில் போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. சிரிப்பு நின்றதும் அந்த வட்டம் கீழே இறங்கிவிடும். முகம் சும்மா இருக்கும்போதே, கருவிழிக்கு நேர் கீழே கன்ன எலும்பில் ஆரம்பித்துக் காதின் மேல்நுனி வரை தட்டிக்கொண்டே போக வேண்டும். தேய்க்கக் கூடாது. முதல் சுற்றில் ஒன்றுமே தெரியாது. இரண்டாவது சுற்றில் நன்றாகத் தூங்கி எழுந்த முகம் வந்துவிடும். மூன்றாவதற்குக் கை துறுதுறுக்கும். அங்கேதான் டப்பாவை மூட வேண்டும்.

பவுடர்தான் பழக்கம் என்றால் பிரஷ்ஷை உதறிவிட்டுப் போடு. மினுமினுப்புக்குப் போடும் ஹைலைட்டரிலும் இதே கணக்குதான்: தங்கமும் செம்பும் சருமத்தோடு ஒட்டும், வெள்ளியும் முத்து நிறமும் ஒட்டாது.

கேள்வி: கருவளையத்துக்கு கன்சீலர் போட்டால் கறுப்பு போய்ச் சாம்பல் வருகிறது.
– இரண்டு குழந்தைகளின் அம்மா

கருவளையத்துக்குள் நீலமும் ஊதாவும் ஒளிந்திருக்கும். அதன் மேல் நேரடியாக வெளிர் நிறம் போனால் சாம்பலாகத்தான் தெரியும். முதலில் நீலத்தை அடக்க வேண்டும், அதற்கு எதிர் நிறம் ஆரஞ்சு. மாநிறத்துக்கு ஆரஞ்சு கரெக்டர் போதும். நல்ல கறுப்பு என்றால் சிவப்பு தூக்கலான ஆரஞ்சு. பீச் நிறக் கரெக்டர் நம்மைவிட வெளுத்தவர்களுக்கு.

குண்டூசித் தலை அளவு எடுங்கள். மூக்கை ஒட்டிய கண்ணின் உள்மூலையில்தான் பெரும்பாலும் கறுப்பு அதிகம், அங்கே மட்டும் தட்டுங்கள். ஆரஞ்சு ஆரஞ்சாகவே தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். ஒரு நிமிடம் விட்டு, சருமத்தின் அதே நிறத்தில் கன்சீலரை மேலே ஒற்றுங்கள். கண்ணுக்குக் கீழே வெளுத்த கன்சீலரால் பெரிய முக்கோணம் வரைவதெல்லாம் ஸ்டுடியோ விளக்குக்காகச் செய்வது. பருத் தழும்புக்கும் இந்த முறையே, ஆனால் மெல்லிய பிரஷ்ஷால் தழும்பின் மேல் மட்டும். கருவளையம் பாதி குறைந்தாலே முகம் தெளிந்துவிடும். முழுக்க மறைக்கப் பார்த்தால் மேக்கப் தெரிய ஆரம்பிக்கும்.

கேள்வி: கறுப்பாக இருப்பவர்களுக்கு சன்ஸ்கிரீன் அவசியமா? போட்டால் வெள்ளையடித்த மாதிரி ஆகிறது.

அவசியம். மெலனின் ஓரளவுக்குக் காப்பாற்றும், ஆனால் பருத் தழும்பும், மங்கு என்கிற கருந்திட்டும் வெயிலில் இன்னும் கறுத்துப்போவது நமக்குத்தான் அதிகம். புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் அதைச் செய்யும். வெள்ளை படிவது ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் உள்ளவற்றில். அவை இல்லாத ஜெல் வகை வாங்குங்கள், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல். இன்னும் நல்லது, உங்கள் நிறத்துக்கே வரும் டின்டட், அதாவது நிறம் கலந்த, சன்ஸ்கிரீன். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் அந்த வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும். பல நாட்கள் அதற்கு மேல் ஃபவுண்டேஷனே தேவைப்படாது.

கேள்வி: என் மேலுதடு கறுப்பு, கீழுதடு ரோஸ். சரும நிறத்தில் வரும் நியூட் லிப்ஸ்டிக் போட்டால் காய்ச்சலில் படுத்து எழுந்த மாதிரி இருக்கிறேன்.
– பள்ளி ஆசிரியை

இரண்டு நிற உதடு நம் நிறத்தில் ரொம்ப சகஜம். எனக்கு அது பிடிக்கும், மறைக்க வேண்டிய விஷயமாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் லிப்ஸ்டிக் சமமாகத் தெரிய வேண்டும் என்று கேட்கிறீர்கள், வழி இருக்கிறது. வெளிர் நிற நியூட் உங்கள் சருமத்தைவிட வெளுப்பாக இருப்பதால்தான் காய்ச்சல் களை. கீழுதட்டை வெளுக்க வைத்து மேலுதட்டை அதற்கு இழுக்காமல், தலைகீழாகச் செய்யுங்கள். மேலுதட்டின் நிறத்திலேயே ஒரு அடர் பழுப்பு லிப் லைனர் வாங்குங்கள். கீழுதட்டின் ஓரத்தில் அதை வரைந்து, விரலால் உள்பக்கமாகக் கலைத்துவிடுங்கள். கோடு தெரியக் கூடாது. இப்போது இரண்டு உதடும் ஒரே குடும்பத்துக்கு வந்துவிடும். நடுவில் மட்டும் செம்பழுப்போ ரோஸ் கலந்த பழுப்போ விரலால் ஒற்றி, இரண்டு உதட்டையும் சேர்த்து அழுத்துங்கள். லிப் பாம் முன்கூட்டியே போட்டு, லைனர் எடுக்கும் முன் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் லைனர் வழுக்கும். வகுப்பெடுத்து முடியும்போது நடுவில் கலைந்திருக்கும், ஓரம் அப்படியே நிற்கும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

கேள்வி: வீட்டு விசேஷத்துக்கு இரண்டு ஷேடு குறைவாக ஃபவுண்டேஷன் போட்டால் போட்டோவில் கலராகத் தெரிவாய் என்கிறார் அண்ணி. எப்படி மறுப்பது?
– புது மருமகள்

மறுக்க வேண்டாம்மா, போனை எடுங்கள். முகத்தின் ஒரு பாதிக்கு அண்ணி சொன்ன ஷேடு, மறு பாதிக்கு உங்கள் ஷேடு. காதும் கழுத்தும் சேர்ந்து விழும்படி ஃப்ளாஷ் போட்டு ஒரு படம், போடாமல் ஒரு படம் எடுத்து அண்ணி கையில் கொடுங்கள். மீதியை அவரே சொல்லிவிடுவார். மேக்கப் கலையாமல் இருக்க மேலே போடும் செட்டிங் பவுடர் வெள்ளையாக இருந்தால் அதையும் அன்றைக்கு ஒதுக்கிவையுங்கள். அப்படிப்பட்ட பலவற்றில் இருக்கும் சிலிகா கண்ணாடியில் தெரியாது, ஃப்ளாஷ் பட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும். நிறமுள்ள பவுடரை மூக்கிலும் நெற்றி நடுவிலும் மட்டும் ஒற்றினால் போதும்.

அண்ணியின் அடுத்த யோசனை நிறத்தைக் குறைக்கும் க்ரீமாக இருந்தால் மட்டும் கறாராக இருங்கள். அப்படிப்பட்ட க்ரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது, அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது. வேறு சிலவற்றில் ஸ்டீராய்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத டப்பாவை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

கேள்வி: காலையில் எனக்கு ஐந்து நிமிடம்தான். எதை விடலாம்?

ஃபவுண்டேஷன், கன்னத்துக்கு நிழல் போடும் கான்டூர், பவுடர் மூன்றையும் விடுங்கள். மாய்ஸ்சரைசரை விடாதீர்கள். வறண்ட தோலின் செதில்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் நம் முகம் வெளிறித் தெரியும், பாதி மேக்கப் அங்கேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் மேலே சொன்ன க்ரீம் பிளஷ். அதையே உதட்டிலும் கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம், உதட்டுக்கும் போடலாம் என்று டப்பாவில் எழுதியிருந்தால். புருவத்தில் இடைவெளி இருக்கும் இடத்தில் மட்டும் அடர் பழுப்புப் பென்சில். சாம்பல் சாயல் பென்சில் வேண்டாம்.

காஜல் போட்டால் வழிகிறது என்றும் தனியாக எழுதியிருக்கிறீர்கள். கீழ் இமைக்கு அடியில் எண்ணெய் இருந்தால் எந்தக் காஜலும் இறங்கும். டிஷ்யூவால் ஒற்றி, நிறமுள்ள பவுடர் ஒரு துளி வைத்துவிட்டுப் போடுங்கள். நேரம் மிச்சமிருந்தால் மஸ்காரா, மேல் இமைக்கு மட்டும். அதைத் திறந்து மூன்று மாதம் தாண்டியிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், இன்னும் ஈரமாக இருந்தாலும் சரி.