எண்ணெய் போட்டும் துரு ஏன்? பழைய ராணுவ ரைபிள்கள்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: 1943-இல் தயாரான மோசின் நாகன்ட் 91/30 ரைபிள் வைத்திருக்கிறேன். பழைய ராணுவத் தோட்டா நாற்பது சுட்டேன். அன்று மாலையே குழலுக்கு நன்றாக எண்ணெய் போட்டேன். மூன்றாம் நாள் துணி விட்டு எடுத்தால் செம்பழுப்பாக வருகிறது. குழல் போய்விட்டதா?

பதில்: மூன்று நாளில் குழல் போய்விடாது. ஆனால் நாளைக்கென்று தள்ளிப்போடாமல் இப்போதே தண்ணீர் காய்ச்சுங்கள்.

இதற்குக் காரணம் பிரைமர், அதாவது ஊசி அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும், தோட்டா அடியில் உள்ள சிறு மூடி. அந்தக் காலத்துப் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழல் நெடுகப் படியும். சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு அது. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உப்பு எண்ணெயில் கரையாது. நீங்கள் உப்பைக் கழுவாமலே அதன்மேல் எண்ணெய் பூசிவிட்டீர்கள்.

போல்ட்டை, அதாவது குழலைப் பின்னால் அடைக்கும் பூட்டுத்தண்டைக் கழற்றி, சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலி என்பதைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவி உறுதி செய்யுங்கள். குழல் வாயைக் கீழே சாய்த்து, புனல் வைத்துச் சேம்பர் வழியாகக் கொதிநீர் ஊற்றுங்கள். உப்பைக் கரைக்கப் பச்சைத் தண்ணீரே போதும். கொதிநீர் என்றால் இரும்பு சூடேறி ஈரம் தானாகக் காயும். மரக்கட்டைக்கும் குழலுக்கும் நடுவே தண்ணீர் இறங்கவிடாதீர்கள். அங்கே பிடிக்கும் துரு கண்ணுக்கே தெரியாது. பிறகு உலர்ந்த துணி. முதல் துண்டு கரியாக வரும், போகப்போகச் சாம்பல் நிறமாகும், வெள்ளையாக வந்தபின்தான் எண்ணெய். மறுநாளும் ஒரு துணி விட்டுப் பாருங்கள்.

அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானைச் சிலர் சொல்வார்கள். அதிலும் உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். அம்மோனியா செம்புக் கறைக்கு உதவும்.

போல்ட் முகப்பை மறக்காதீர்கள். என் முதல் ரைபிளில் குழலைப் பளபளவென்று வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து போல்ட்டை எடுத்தால், சுடும் ஊசி வரும் துளையைச் சுற்றி மோதிரம்போல ஆரஞ்சுத் துரு. தேய்த்து எடுத்தேன், ஊசிமுனை அளவுக் குழிகள் இன்றும் இருக்கின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

கேள்வி: பத்துப் பதினைந்து தோட்டா சுட்டதும் போல்ட் கைப்பிடி இறுகிவிடுகிறது. உள்ளங்கையால் அடித்துத்தான் திறக்கிறேன்.

பதில்: அடிக்காதீர்கள். கிடங்கில் வைக்கும்போது பூசிய காஸ்மோலின் பிசுக்கு சேம்பரில் மிச்சம் இருக்கும். சூடு ஏறினால் இளகி, தோட்டாக் கூட்டைப் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். சேம்பருக்குப் பொருந்தும் வெண்கலப் பிரஷை மினரல் ஸ்பிரிட்டில் (பெயின்ட் கரைக்கும் திரவம்) நனைத்து, பிரஷில் பழுப்பு வருவது நிற்கும்வரை சுழற்றித் தேயுங்கள். அருகில் நெருப்பு கூடாது. பெரும்பாலும் இதிலேயே சரியாகும்.

கேள்வி: என் லீ என்ஃபீல்டு நம்பர் 4-இல் போல்ட் எண் ஒன்று, உடல் எண் வேறு. சுடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த போல்ட் வேறொரு ரைபிளுக்குப் பொருத்தப்பட்டது. ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகப்புக்கும் தோட்டா அமரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, அதிகமாக இருந்தால் கூடு அடிப்பக்கம் பிளந்து வெடிவாயு உங்கள் முகத்துக்கே வரும். இதைச் சரிசெய்யத்தான் நம்பர் 4-க்கு 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகளைச் செய்தார்கள். கேஜ் வைத்து அளக்கத் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். போல்ட்டின் பூட்டு முனைகள் இரண்டும் உடலில் சமமாக அமர்கின்றனவா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.