பெயர் கேட்டீர்களா?

அன்புள்ள ஐயா,

அம்பத்தூரில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈ.சி.ஆரில் சைக்கிள் ஓட்டும் கூட்டத்தில் நானும் ஒருவன். அமெரிக்காவில், பணியின்போது இறந்த ஆம்புலன்ஸ் ஊழியர்களின் நினைவாக ஆண்டுதோறும் நெடுந்தூரம் சைக்கிளில் போகிறார்கள் என்று படித்தேன். அதேபோல நம் 108 ஊழியர்களுக்காகச் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு, சுமார் 700 கிலோமீட்டர், முப்பது பேர் போவதாக இருக்கிறோம். நீல நிற ஜெர்சிக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. திரட்டும் நன்கொடையைக் குடும்பங்களுக்குக் கொடுக்க எண்ணம். டிசம்பரில் கிளம்பினால் மழை படுத்துமா? வீட்டிலோ, “நீ சைக்கிள் மிதிச்சா செத்தவன் வந்துடுவானா” என்கிறார்கள். இந்தப் பயணத்துக்கு நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று வைத்துத் தர வேண்டும்.

க.

அன்புள்ள க.,

தை பிறந்தபின் போங்கள், மழைப் பிரச்சினை தீர்ந்தது. வீட்டாருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. திதி கொடுத்தாலும்தான் யாரும் திரும்பி வருவதில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஜெர்சியின் நிறம் இருக்கிறது, தூரம் இருக்கிறது, எத்தனை பேர் என்பது இருக்கிறது. இறந்தவர் ஒருவரின் பெயர்கூட இல்லை. பயணத்துக்குப் பெயர் வேண்டுமாம்! நீங்கள் படித்த அமெரிக்கப் பயணம் 2002-ல் பாஸ்டனிலிருந்து வர்ஜீனியாவின் ரோனோக் வரை போனதில் தொடங்கியது. 1928-ல் ஜூலியன் ஸ்டான்லி வைஸ் என்பவர் தன்னார்வ மீட்புக் குழு ஒன்றை ஆரம்பித்த ஊர் அது. அந்தச் சவாரிக்காரர்கள் இறந்தவரின் பெயர் பொறித்த தகட்டைச் சுமந்துகொண்டு மிதிக்கிறார்கள். நீங்கள் அதில் சைக்கிளை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

இப்படிக் கோபமாக எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்றால், கிடையாது.

பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். புரசைவாக்கத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம், லிஃப்ட் இல்லை. ஓர் ஐப்பசி இரவில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. 108 வந்தது. வண்டி ஓட்டுபவரை அவர்கள் ‘பைலட்’ என்பார்கள். கூட வரும் மருத்துவ உதவியாளர் ‘இ.எம்.டி.’ எங்கள் மாடிப்படி வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. சாப்பாட்டு மேஜை நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்து, துண்டால் கட்டி, இருவருமாகத் தூக்கி இறக்கினார்கள். இ.எம்.டி. சின்னப் பையன். படி திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் “ஐயா, உங்க பேரு சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டே வந்தான். அப்பா ஒவ்வொரு முறையும் இனிஷியலோடு சொன்னார். இவன் ஏன் இப்படித் தொணதொணக்கிறான் என்று எனக்கு எரிச்சல். நோயாளிக்கு நினைவு தப்பாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் பெயர் கேட்பார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஏதோ படிவத்தில் அவன் பேனாவால் கையெழுத்துப் போட்டேன். பதற்றத்தில் அதை என் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். ரெனால்ட்ஸ் பேனா, மூடியில் பல் தடம். அப்பா அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார். “அந்தப் பையன் பேர் என்னடா?” என்று அவ்வப்போது கேட்பார். தெரியாது. அவன் என் அப்பாவின் பெயரை ஒன்பது தடவை கேட்டான். நான் அவன் பெயரை ஒரு தடவை கேட்கவில்லை. இன்றைக்கும் அவன் எனக்கு ‘108 பையன்’தான்.

நம் ஆட்கள் இப்படி இருந்ததில்லை, க. ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டார்கள். கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி வாழ்த்துவது வரை தொல்காப்பியம் அதற்கு ஆறு படிநிலை சொல்கிறது. இன்னார் மகன் இன்னான், இந்தச் சண்டையில் பட்டான் என்று வெட்டிவைத்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பக்கம், எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. வீரனோடு அவன் நாயும் அதில் நிற்கிறது. இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாய். அதன் பெயர் கோவிவன். கல்லிலேயே எழுதியிருக்கிறது. ஒரு நாயின் பெயர் ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேல் நிற்கிறது! 2008-லிருந்து தமிழ்நாட்டில் 108 ஓடுகிறது. அதில் ஓடி ஓடிச் செத்தவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். நானும் சொல்ல மாட்டேன்.

2020 ஏப்ரலில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்து, அடக்கம் செய்யப் போனபோது அண்ணா நகர் வேலங்காட்டில் கல்லும் கட்டையும் பறந்தது நினைவிருக்கும். நண்பரான டாக்டர் ஒருவரே ஆம்புலன்ஸை ஓட்டிப்போய் மண் தள்ளிப் புதைத்தார். டாக்டரின் பெயர் நமக்குத் தெரியும், தெரியத்தான் வேண்டும். அன்றைக்கு மண்டை உடைந்த ஆம்புலன்ஸ் ஊழியர்கள்? பேப்பரில் பெயர் வந்திருந்தால்கூட நம் மண்டையில் நிற்கவில்லை.

ஆகவே, முதலில் சைக்கிளை ஓரமாக நிறுத்துங்கள். மேம்பாலத்தடியில், ஸ்டேஷன் வாசலில், 108 வண்டி நிற்கும் இடங்களுக்கு டீ வாங்கிக்கொண்டு போங்கள். உங்களோடு வேலை பார்த்தவர்களில் யார் போய்விட்டார்கள் என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும். வீடு எங்கே என்பதும் தெரியும். அந்த வீட்டுக்குப் போய், பெயரைச் சுமந்துகொள்ளலாமா என்று அனுமதி கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள், வற்புறுத்தாதீர்கள். பணத்தை அவர்கள் கையில் கொடுங்கள். மேடை போட்டுப் பெரிய அட்டைக் காசோலை காட்டிப் படம் எடுத்தீர்கள் என்றால் என் பக்கம் வராதீர்கள். முப்பது பேர் என்றால் முப்பது பெயர். பன்னிரண்டுதான் கிடைத்தால் பன்னிரண்டு பேர் போங்கள்.

கன்னியாகுமரி எதற்கு என்றும் புரியவில்லை. நாட்டில் யார் எதற்கு நடந்தாலும் மிதித்தாலும் அங்கேதான் போய் முடிகிறது. எடுத்தனூர் வரை போங்களேன். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை. தூரம் குறைச்சல்தான், ஆனால் வழியில் இறங்கி நாலு வீட்டுக் கதவைத் தட்ட நேரம் இருக்கும்.

பயணத்துக்குப் பெயர் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பட்டியல் தயாரானதும் அனுப்புங்கள். ரெனால்ட்ஸ் பேனா மேஜை டிராயரில் இருக்கிறது, எழுதாது. புரசைவாக்கம் வண்டியில் அந்த வருடங்களில் இருந்த யாரையாவது பார்த்தால், நாற்காலியில் ஒரு கிழவரை இறக்கினீர்களா என்று கேட்டு வையுங்கள். திண்டிவனம் வரை நானும் வருகிறேன். முட்டி ஒத்துழைக்காது, பின்னால் காரில்தான்.