மாடித்தோட்டம் போடுகிறீர்களா? விதை உறையைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆடிப் பட்டம் வரை பொறுக்க மனமில்லாமல் வைகாசியிலேயே மாடியில் காய்கறி போடக் கிளம்பியவர்களின் கடிதங்கள் இந்த முறை நிறைய. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: இந்த வெயிலில் மாடியில் எந்தக் காய் வரும்? கடைக்காரர் காலிஃபிளவர், கேரட், தக்காளி விதைகளை எடுத்து வைத்திருக்கிறார். (வாசகர், வேலூர்)

பதில்: காலிஃபிளவரையும் கேரட்டையும் திருப்பிக் கொடுங்கள். அவை குளிர்காலப் பயிர்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ உதிரும். இப்போது நாற்று விட்டு, வெயில் தணிந்ததும் நடுங்கள். வெண்டை, கொத்தவரை, கத்தரி, தண்டுக்கீரை ஆகியவற்றை இப்போதே விதைக்கலாம்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். இணையத்தில் "பாரம்பரிய நாட்டு விதைகள், 15 வகை" என்று பார்த்து 450 ரூபாய் கட்டினேன். வெறும் பிளாஸ்டிக் உறைகளில் பேனாவால் பெயர் எழுதி அனுப்பினார்கள். வெண்டை, அவரை, பீர்க்கு எதுவுமே முளைக்கவில்லை. கேட்டால், "நீங்கள் தண்ணீர் ஊற்றிய விதம் சரியில்லை. விதையைத் திரும்பப் பெற மாட்டோம்" என்கிறார்கள். என் தவறுதானா? (வாசகி, தாம்பரம்)

பதில்: இல்லை அம்மா, உங்கள் தவறு எதுவும் இல்லை. மூன்று வகையில் ஒரு விதைகூட முளைக்கவில்லை என்றால் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. விதை செத்திருக்கிறது.

இதைப் பற்றி விரிவாகவே சொல்லியாக வேண்டும். வெறும் உறையில் விதை விற்பதைப் போல என்னைக் கோபப்படுத்தும் வியாபாரம் வேறில்லை. 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம் ஏட்டில் மட்டும் இருப்பதல்ல. விதைப் பொட்டலத்தின் மேல் பயிர், ரகம், குவியல் எண் (லாட் எண்), பரிசோதித்த நாள், காலாவதி நாள், முளைப்புத் திறன், புறத்தூய்மை (வேறு பொருள் கலக்காத அளவு), நிகர எடை, விற்பவரின் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும். சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை, சான்று பெறாமல் விற்பவரே தரத்துக்கு உறுதி சொல்லும் உண்மை நிலை விதைக்குப் பச்சை அட்டை. வெண்டைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 65 சதவீதம், தக்காளிக்கும் கத்தரிக்கும் 70, மிளகாய்க்கு 60. உறையில் அந்த எண்ணை அச்சிட்டு விற்பவர் அதற்குப் பொறுப்பேற்கிறார். அச்சிடாதவர் எதற்கும் பொறுப்பேற்க விரும்பவில்லை என்று பொருள். 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை விற்க உரிமம் வேண்டும், வாங்குகிறவருக்கு ரசீது தர வேண்டும்.

"நாட்டு விதைக்கு இதெல்லாம் பொருந்தாது" என்று சிலர் சொல்வார்கள். தன் நிலத்தில் விளைந்ததைத் தன் இடத்திலேயே நேரடியாக இன்னொருவருக்கு விதைக்கக் கொடுப்பவருக்குத்தான் சட்டம் விலக்கு அளிக்கிறது. பத்து ஊர் விதையை வாங்கி, பொட்டலம் போட்டு, ஊர் ஊராகக் கூரியரில் அனுப்புகிறவருக்கு அந்த விலக்கு கிடையாது. உண்மையிலேயே நாட்டு ரகங்களைக் காப்பாற்றி வரும் உழவர்களின் நல்ல பெயரைச் சொல்லி இவர்கள் காசு பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மிச்ச விதையில் ஒவ்வொரு வகையிலும் பத்தை எடுத்து ஈரத் துணியில் சுற்றி வையுங்கள்; தொடங்கிய நாளிலும், பத்து நாள் கழித்தும் படம் எடுங்கள். பணம் கட்டிய சான்று, உறை, அவர்கள் அனுப்பிய பதில் ஆகியவற்றுடன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். மசியாவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. விதை மிச்சமில்லாதவர்களும் சோர வேண்டாம். வாங்கிய விதையை முழுவதும் விதைத்துவிட்ட விவசாயி சோதனைக்கு மாதிரி வைத்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது என்று தேசிய விதைக் கழகத்துக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. "திரும்பப் பெற மாட்டோம்" என்று விற்பவர் எழுதி வைப்பது சட்டத்தை வெல்லாது.

கேள்வி: விதைத்தது போக மிஞ்சிய விதை இளஞ்சிவப்பாக இருக்கிறது. கழுவிச் சமையலுக்குப் பயன்படுத்தலாமா? (வாசகி, கரூர்)

பதில்: கூடவே கூடாது. அது பூஞ்சைக்கொல்லி மருந்து பூசிய விதை. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: 5 கிலோ கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) கட்டி ஒரு கடையில் மற்ற இடங்களைவிடப் பாதி விலை. வாங்கலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: கழுவியதா என்று முதலில் கேளுங்கள். கழுவாத நார்க்கழிவில் உப்பு மிகுந்திருக்கும். கட்டியின் மேல் "லோ ஈசி" (உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் குறைவு) என்று போட்டிருக்க வேண்டும், அந்த அளவு சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிசீமென்ஸுக்குக் கீழே இருந்தால் நல்லது. மலிவாகக் கிடைத்ததென்று இப்படி ஒரு கட்டியை நானும் வாங்கினேன். கத்தரி நாற்றுகளின் இலை ஓரங்கள் கருகிய பிறகுதான் காரணம் தெரிந்தது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, மறுபடி ஊறவைத்து, உப்பு போன பிறகு பயன்படுத்துங்கள். தண்ணீர்ச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கேள்வி: தெருவோரத்தில் வாங்கிய பத்து செடிப் பைகளும் மூன்றே மாதத்தில் பொடிப் பொடியாக உதிர்ந்துவிட்டன. ரசீது இல்லை, விற்றவரையும் காணவில்லை. யார்மீது வழக்குப் போடலாம்? (வாசகர், திருச்சி)

பதில்: யார்மீதும் முடியாது. எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பைத் துணியின் எடை, கிராமில்) என்று கேட்டீர்களா? வெயிலைத் தாங்கும் புற ஊதா பாதுகாப்பு உண்டா என்று பார்த்தீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மண்ணும் நீரும் செடியும் சேர்ந்த பாரத்தை ஆண்டு முழுக்க வெயிலில் நின்று தாங்க வேண்டிய பை அது. 200 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். விலையைப் பேரம் பேசுகிற அக்கறையில் பாதியை ரசீது கேட்பதில் காட்டுங்கள்.

கேள்வி: போன வருடம் வாங்கிய எஃப் 1 தக்காளியின் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டேன். காய் வேறு மாதிரி வருகிறது. கம்பெனி ஏமாற்றிவிட்டதா? (வாசகர், சேலம்)

பதில்: இல்லை. எஃப் 1 என்றால் கலப்பின முதல் தலைமுறை. அதன் விதை தாய்ச் செடியைப் போல வராது. விதை எடுத்துவைக்க விரும்பினால் பெரியகுளத்தில் உருவான பிகேஎம் 1 போன்ற கலப்பினமல்லாத ரகத்தை வாங்குங்கள்.

கேள்வி: நீல நிற ஸ்ட்ராபெர்ரி விதை, 100 எண்ணம் 149 ரூபாய். நம்பலாமா? (வாசகி, கோவை)

பதில்: அப்படி ஒரு பழமே இல்லை. அந்த விளம்பரத்தின் மீது 1915இல் இன்றே புகார் கொடுங்கள்.

கேள்வி: நிழல் வலை 50 சதவீதமா, 75ஆ? (வாசகர், விருதுநகர்)

பதில்: காய்கறிக்கு, வெயிலில் பாதியை மறைக்கும் 50. அதிலும் வெயில் தணிந்ததும் சுருட்டி வைத்துவிடுங்கள். நான் 75 வாங்கிக் கட்டியபோது வெண்டைச் செடி நெட்டையாக வளர்ந்ததே தவிரக் காய்ப்பு மிகக் குறைவு.