ஹைபிரிட் கார் மைலேஜ் டவுட்டா? கேளுங்க, சொல்றேன்

ப்ளக் போட்டு சார்ஜ் பண்ற வண்டி இல்லாம, டொயோட்டா ப்ரியஸ் மாதிரி பெட்ரோல் இன்ஜினும் கரண்ட் மோட்டாரும் சேர்ந்து, ஓடும்போதே தானா சார்ஜ் ஆகுற ஃபுல் ஹைபிரிட் பத்தி மட்டும் கேளுங்க.

கேள்வி: அண்ணா, இதுல ஹைவேய விட சிட்டில மைலேஜ் கூடவாமே, எப்படி?

பதில்: சாதா கார்ல பிரேக் புடிச்சா அந்த வேகமெல்லாம் சூடாகி வீணா போகுது. இதுல மோட்டாரே ஜெனரேட்டரா மாறி அதுல ஒரு பங்க பேட்டரிக்கு அனுப்பிடும், சிக்னல்ல இன்ஜின் ஆஃப் ஆயிடும், ஊர்ந்து போறப்போ மோட்டார் மட்டும் இழுக்கும், அதனால டிராஃபிக்லதான் லாபமே. ஹைவேல பிரேக்குக்கு வேலையே இல்லையே, அப்புறம் எதை திருப்பி எடுக்கறது? அதுலயும் 100லேர்ந்து 120க்கு ஏத்தினா காத்து தடை மட்டும் 44 சதவீதம் கூடுது.

கேள்வி: ப்ரோ, மோட்டார்ல மட்டும் ஓடறப்போ எரியுற இவி லைட் அணையக்கூடாதுன்னு ஆக்சிலேட்டர தொட்டும் தொடாம ஓட்டுறேன், பின்னாடி ஹார்ன் அடிச்சு கொல்றாங்க, மைலேஜும் ஏறல.

பதில்: முதல்ல அந்த லைட்ட பாக்குறத விடுங்க! பேட்டரில இருக்கற கரண்ட் எங்கேர்ந்து வந்துச்சு, பிரேக்ல புடிச்சது போக மிச்சமெல்லாம் உங்க பெட்ரோல் எரிஞ்சு வந்ததுதான், அது கரண்டாகி பேட்டரிக்குள்ள போய் திரும்ப மோட்டாருக்கு வர்றதுக்குள்ள ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்சம் வீணாகும். பேட்டரியும் ரொம்ப சின்னது, மூணாம் தலைமுறை ப்ரியஸ்ல சுமார் 1.3 கிலோவாட் ஹவர்தான். அதனால கிளம்பறப்போ தயங்காம இன்ஜின வேலை செய்ய விடுங்க, வேகம் வந்ததும் கால லேசாக்குங்க, அப்போ மோட்டார் பாத்துக்கும். நிஜமான மைலேஜ் பிரேக்லதான் இருக்கு. தூரத்துல சிவப்பு தெரிஞ்சதுமே கால எடுத்துட்டு மெதுவா பிரேக் குடுங்க, கிட்ட போய் அழுத்தி மிதிச்சா பிரேக் பேடும் சேர்ந்து புடிச்சுக்கும், அந்த எனர்ஜி போச்சு.

கேள்வி: சார், சிக்னல்ல நியூட்ரல் போடலாமா?

பதில்: வேணாம். நியூட்ரல்ல பேட்டரி சார்ஜ் ஏறாது, ஏசி பாட்டுக்கு குடிச்சிட்டே இருக்கும். டி (D) கியர்லயே பிரேக்க மிதிச்சு நில்லுங்க.

கேள்வி: மேட்டுல இன்ஜின் கத்துது, ஆனா வண்டி அந்த அளவுக்கு ஏறல. கியர்பாக்ஸ் போச்சா?

பதில்: போகல. இதுல பெல்ட்டும் இல்ல, மாத்தறதுக்கு கியரும் இல்ல, இன்ஜினையும் மோட்டாரையும் சேர்க்குற பிளானட்டரி கியர் அமைப்புதான். எவ்வளவு பவர் வேணுமோ அதுக்கேத்த ஆர்பிஎம்ல (சுத்தற வேகத்துல) இன்ஜின் நிக்கும், வண்டி வேகத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இருக்காது. பழகிடும்.

கேள்வி: கியர் லீவர்ல இருக்கற பி (B) மோட்ல போட்டா நிறைய சார்ஜ் ஏறுமா அண்ணா?

பதில்: அது நீளமான மலை இறக்கத்துக்கு. இன்ஜின சும்மா சுத்தவிட்டு வேகத்த அடக்கும். தினசரி ரோட்ல போட்டா வீண்தான்.

கேள்வி: ரெண்டு கிலோமீட்டர்தான் போய் வருவேன், மைலேஜ் படு மோசம்.

பதில்: இன்ஜினும், புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சூடாகறதுக்குள்ள வீடு வந்துடுது, பின்ன எப்படி வரும்! வேலைகள சேத்து ஒரே ட்ரிப்பா போங்க.

கேள்வி: பேட்டரி போயிடுமோன்னு பயமா இருக்கு சார்.

பதில்: ஃபுல்லாவும் ஏத்தாம, காலியாவும் விடாம சிஸ்டமே பாத்துக்கும். நீங்க பாக்க வேண்டியது பின்சீட் பக்கத்துல இருக்கற, பேட்டரிய குளிர வைக்கிற காத்து ஓட்டை, நிறைய மாடல்ல அங்கதான் இருக்கும், பையோ துணியோ வெச்சு அடைச்சா பேட்டரி சூடாகும். நாய் வளக்குறவங்க அந்த ஓட்டைல ஃபில்டர் இருந்தா அத அடிக்கடி கழட்டி பாருங்க, முடி அடைச்சிருக்கும்.