மேட்டூர் அணைக்கு முன்னா, பின்னா?

கேள்வி: எங்கள் ஆயா போன மாதம் தவறிவிட்டார். அவர் வாழ்க்கையை எழுதி வைக்க ஆசை. ஆனால் சொந்தத்தில் ஆளுக்கொரு வருடம் சொல்கிறார்கள். என்ன செய்ய?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: வருடத்தைக் கேட்காதீர்கள், யாருக்கு நினைவிருக்கும்! "அப்போது மேட்டூர் அணை கட்டி முடித்தாயிற்றா, அணா போய் நயா பைசா வந்துவிட்டதா" என்று கேளுங்கள். அணை 1934, நயா பைசா 1957, பிறப்போ கல்யாணமோ எந்தப் பக்கம் விழுகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாதான் காலண்டர், பேரப்பிள்ளைகள் வயதெல்லாம் அதில்தான் கணக்கு. அத்தையும் சித்தப்பாவும் ஒரே கதையை வேறு மாதிரி சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், பஞ்சாயத்து வேண்டாம். அப்புறம், ஆயாவோடு தறி நெய்த பக்கத்து வீட்டுக் கிழவி யாராவது இருந்தால் முதலில் அங்கே போங்கள். சொந்தக்காரர்கள் மறைப்பதை அவர் மறைக்க மாட்டார்.