துப்பாக்கியில் 1917 என்றும் 43 என்றும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. எது செய்த ஆண்டு?

1917தான். 43 என்பது 1943, குழல் செய்த ஆண்டு.

வலப்பக்கம், மரப்பிடி உலோகத்தோடு சேரும் கழுத்தில் கிரீடம், ஜி.ஆர்., என்ஃபீல்டு, 1917, மூன்றாம் மார்க் (வடிவத்தின் எண்), ஒரு நட்சத்திரம். குழலின் அடிப்பக்கத்தில் வெறும் 43. இதுதான் நீங்கள் தந்த விவரம். இது பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு ரைபிள். அதில் செய்த ஆண்டைப் பொறிக்கும் இடம் அந்தக் கழுத்துதான். குழலோ தேய்கிற உறுப்பு. கார்டைட் என்னும் தோட்டா மருந்து எரியும் சூட்டில் உள்ளே இருக்கும் சுருள்வரிகள் அரித்துப்போகும். பட்டறையில் புதுக்குழல் மாட்டி மறுபடி படைக்கே அனுப்பிவிடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் உங்கள் துப்பாக்கிக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

ஜி.ஆர். என்பதை மட்டும் நம்பி ஆண்டு சொல்லிவிட முடியாது. ஐந்தாம் ஜார்ஜுக்கும் அதே எழுத்துகள், ஆறாம் ஜார்ஜுக்கும் அதே எழுத்துகள். நட்சத்திரம் அதைவிட உதவும். போர் அவசரத்தில் சில உறுப்புகளைக் கைவிட்டு 1916இல் ஏற்ற எளிய வடிவத்தின் அடையாளம் அது. இடப்பக்க மரத்தில் நெடுந்தூரக் குறிபார்க்கும் வட்டத் தகடு இல்லையென்றால் 1917க்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

எல்லா நாட்டுத் துப்பாக்கிக்கும் இந்தக் கணக்கு செல்லாது. ரஷ்ய மோசின்-நாகந்து ரைபிளில் கண்ணில் படும் ஆண்டு குழலின் மேல்தான் இருக்கும். பின்லாந்துக்காரர்கள் பழைய ரஷ்ய ரிசீவர்களில் (குழல் பூட்டப்படும் உலோக உடல்) புதுக்குழல் பூட்டி எம்39 ரைபிள்களைச் செய்தார்கள். மேலே 1942 என்று இருக்கும். மரத்தைக் கழற்றி ரிசீவரின் வால்பகுதியைத் திருப்பினால் 1890களின் ஆண்டு ஒன்று எட்டிப் பார்க்கலாம். இதற்கு எந்த வயதைச் சொல்வது? அமெரிக்கச் சட்டம் ரிசீவரின் வயதைத்தான் பார்க்கிறது. 1898 வரை செய்ததென்றால் அது தொல்பொருள். சேகரிப்பவர்கள் எம்39 ஆகப் பிறந்த ஆண்டைச் சொல்வார்கள். எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது.

அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளில் 'மாடல் 1873' என்று பார்த்தால் அது வடிவத்தின் பெயர், அவ்வளவே. செய்த ஆண்டைத் தொடர் எண்ணைக் கொண்டுதான் தேட வேண்டும்.

ஆண்டும் அரசரும் ஒத்துப்போகிறார்களா என்றும் பாருங்கள். வி.ஆர். என்றால் விக்டோரியா, அவர் இறந்தது 1901 ஜனவரியில். வி.ஆர். போட்டு அதன் கீழே 1907 என்று இருந்தால் அது பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் எல்லையில் உள்ள கைபர் கணவாய்ப் பக்கத்துக் கைவேலை. அங்குள்ள கொல்லர்கள் முத்திரையையும் பார்த்து வெட்டினார்கள். ஆங்கில எழுத்துத் தெரியாததால் என்ஃபீல்டு என்பதில் ஓர் எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நிற்கும். போலிதான், ஆனால் அந்தக் கைத்திறனுக்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து தொடர் எண்களைப் பாருங்கள். அதற்கு முன் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் உறுப்பு) திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மங்கலான முத்திரையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தும் போகும், மதிப்பும் போகும். எண்ணெய்த் துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். போல்ட் கைப்பிடியின் பின்புறத்து எண்ணும் ரிசீவரின் எண்ணும் ஒன்றாக இருந்தால், குழல் மாறினாலும் போல்ட் மாறவில்லை. அந்த இரண்டு எண்களையும் படமெடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.